ஒளிபரப்பில் வந்தது, இணையத்தில் காணோம்!

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் வழியில் இருக்கும் அன்னவாசலில் என் சித்தப்பா வீடு. மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2021 கடைசியில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினார். 2022 பொங்கல் முடிந்த வாரத்தில் அவரிடமிருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருச்சுப்பா. டிவியில பார்த்த வீடியோவ இதுல தேடுனா வர மாட்டேங்குது. பெரியவன் சிங்கப்பூர்ல இருந்து கேக்குறான்" என்றார்.

மற்ற தளங்கள் திறக்கின்றனவா என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாத் திறக்குது. இது ஒண்ணுதான்" என்றார். அப்படியானால் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்குள் சி.பி.யு.வைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, ஒரு கடையில் கொடுத்துவிட்டார். கடைக்காரர் பார்மட் செய்து, விண்டோஸ் புதிதாகப் போட்டுத் திருப்பித் தந்தார். பிக்சர்ஸ் போல்டரில் இருந்த அப்பாயியின் கடைசிக் காலத்துப் போட்டோக்கள் போய்விட்டன. தேடிய வீடியோ அதற்குப் பிறகும் வரவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. டிவியில் கண்ணால் பார்த்த நிகழ்ச்சி இணையத்தில் இல்லை என்றால் பழியைக் கம்ப்யூட்டர் மீது போடுகிறோம். கேலி நிகழ்ச்சிகளிலும் கார்ட்டூன்களிலும் இது அடிக்கடி நடக்கும். அதிலும் ஒரு டிவி சேனல் சம்பந்தப்பட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு வீடியோ எங்கே இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, எப்படி மறைகிறது என்று இந்த மாதம் பார்ப்போம்.

சித்தப்பா தேடியது எது?

ஜீ தமிழ் சேனலில் 2022 ஜனவரி 15 அன்று "ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்" நான்காவது சீசனின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. சிறுவர்கள் நடித்துக் காட்டும் போட்டி நிகழ்ச்சி அது. இரண்டு குழந்தைகள், 2006ல் வந்த வடிவேலுவின் "இம்சை அரசன் 23ம் புலிகேசி" பாணியில் அரசனும் அமைச்சருமாக வந்தார்கள். கறுப்புப் பணத்தை ஒழிக்க நாணயத்தைச் செல்லாது என்று அறிவித்த ஓர் அரசனைப் பற்றி, அவருடைய வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி, விதவிதமான கோட்டுகளைப் பற்றிக் கிண்டல் செய்தார்கள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரியாமல் இல்லை. அரங்கில் சிரிப்பு. வீடியோத் துண்டு வாட்ஸ்அப்பில் பறந்தது.

பிரதமரை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று தமிழக பா.ஜ.க. தரப்பிலிருந்து சேனலுக்குப் புகார் போனது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 7 நாட்களில் பதில் தரும்படி நோட்டீஸ் அனுப்பியது. இணையத்திலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிடுவதாகச் சேனல் தரப்பு சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. சித்தப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடியது இந்தச் சமயத்தில்தான்.

குழந்தைகளை வைத்து அரசியல் பேசலாமா என்று அப்போது ஒரு விவாதம் நடந்தது. கேலிக்குக் கூடவா நோட்டீஸ் என்று எதிர்க் குரலும் எழுந்தது. என்னைக் கேட்டால், கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. பபூன் மேடையேறினால் யாரையும் விட மாட்டார். பணம் கொடுத்து நாடகம் வைத்த விழாக் கமிட்டியையே ஓட்டுவார். கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. விடிந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஏனென்றால் நாடகத்துக்கு ரெக்கார்டிங் கிடையாது. டிவி நிகழ்ச்சிக்கு உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிவிக்கும் இணையத்துக்கும் என்ன வேறுபாடு?

உங்கள் வீட்டு மாடியில் உள்ள டி.டி.எச். குடைக்கு வரும் சிக்னல் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. ஒளிபரப்பான விநாடியில் காட்சி உங்கள் கூடத்தில் இருக்கிறது. அடுத்த நாள் சேனல் மனம் மாறினாலும், நேற்று நீங்கள் பார்த்ததைத் திரும்பப் பெற முடியாது.

இணையத்தில் கதை வேறு. நீங்கள் பிளே பட்டனில் க்ளிக் செய்திடும்போது, உங்கள் பிரவுசர் எங்கோ ஒரு சர்வர் கம்ப்யூட்டருக்கு "இந்த வீடியோவை அனுப்பு" என்று விண்ணப்பம் போடுகிறது. சர்வர் முழுப் படத்தையும் தூக்கி அனுப்புவதில்லை. சில விநாடிகள் ஓடக்கூடிய சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்புகிறது. வந்த துண்டை உங்கள் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொண்டு காட்டிவிட்டுக் கழித்துவிடுகிறது. இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கிறதே, அது அடுத்த துண்டு வந்து சேரவில்லை என்பதன் அடையாளம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். அன்னவாசலுக்கு அருகில்தான் சித்தன்னவாசல். அங்கே குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம் ஓவியம் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள்தான் போக வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஓவியம் உங்கள் பையில் வராது. கதவு பூட்டியிருந்தால் உங்கள் கண்ணாடியை மாற்றிப் பயன் இல்லை. ஸ்ட்ரீமிங் வீடியோவும் அப்படித்தான். அது வீட்டுக்குள் திரையில் தெரிவதால் நம்மிடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மூலப் பைல் சர்வரில்தான் இருக்கிறது. அதன் உரிமையாளர் அந்தப் பைலை நீக்கலாம். ஒரு காட்சியை மட்டும் வெட்டிவிட்டு வேறு பைலை அதே இடத்தில் வைக்கலாம். முகவரி மாறாது, தலைப்பு மாறாது. முதல் முறையாகப் பார்ப்பவருக்கு வெட்டியது தெரியவே தெரியாது.

வெட்டிய காட்சிக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அது ஒரு கார்ட்டூன் தொடர். கேலி செய்யப்பட்டதோ அதன் சொந்த வீட்டு டிவி சேனல்.

மஞ்சள் குடும்பமும் செய்திச் சேனலும்

"தி சிம்ப்சன்ஸ்" என்ற கார்ட்டூனைப் பார்க்காதவர்கள் கூட மஞ்சள் நிற முகமும் உருண்டைக் கண்களும் கொண்ட அந்தக் குடும்பத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மேட் க்ரோனிங் உருவாக்கிய இந்தத் தொடர் 1989 டிசம்பர் 17 அன்று பாக்ஸ் என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தில் தொடங்கியது. கார்ட்டூன் என்றாலும் குழந்தைகளுக்கானது அல்ல. அரசியல், பள்ளிக்கூடம், மதம், விளம்பரம் என எல்லாவற்றையும் கிண்டல் செய்யும்.

பாக்ஸ் நியூஸ் என்ற 24 மணி நேரச் செய்திச் சேனல் 1996ல் வந்தது. கார்ட்டூனை ஒளிபரப்பும் பாக்ஸும், பாக்ஸ் நியூஸும் அப்போது ரூபர்ட் முர்டாக்கின் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரே கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சின்னவன் பெரியவனைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தான்.

2003 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான பகுதியில் க்ரஸ்டி என்ற கோமாளி தேர்தலில் நிற்கிறான். கதைக்குள் வரும் பாக்ஸ் நியூஸ் விவாதத்தில் திரையின் அடியில் செய்திப் பட்டை ஓடுகிறது. நம்மூர் நியூஸ் சேனல்களில் "சற்றுமுன்" என்று ஓடுமே, அதே பட்டைதான். அதில் ஓடிய செய்திகள் எல்லாம் அந்தச் சேனலின் அரசியல் சாய்வைக் கேலி செய்யும் போலிச் செய்திகள். அதே ஆண்டு அக்டோபரில் க்ரோனிங் ஒரு வானொலிப் பேட்டியில், பாக்ஸ் நியூஸ் வழக்குப் போடுவதாக மிரட்டியது என்றும், கார்ட்டூனில் இனி போலிச் செய்திப் பட்டை ஓட்டக் கூடாது, மக்கள் நிஜச் செய்தி என்று நினைத்துவிடுவார்கள் என்று தங்களுக்கு ஒரு விதி வந்திருக்கிறது என்றும் சொன்னார். அப்படி மிரட்டவே இல்லை என்று பாக்ஸ் நியூஸ் மறுத்தது. கேலிக்காரர் சொல்வதில் எது செய்தி, எது கேலி என்று பிரிப்பது சிரமம்தான்.

பெரிய சண்டை 2010ல் வந்தது. நவம்பர் 21 அன்று வந்த பகுதியின் தொடக்கத்தில் பாக்ஸ் நியூஸ் ஹெலிகாப்டர் ஒன்று பறந்து வருகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு விளம்பர வாசகம். எங்கள் சேனல் இனவெறி பிடித்ததல்ல, ஆனால் இனவெறியர்களுக்குப் பிடித்ததில் முதலிடம் என்ற பொருள் வரும்படி எழுதியிருந்தார்கள். சில விநாடி நகைச்சுவை. ஆனால் குத்து ஆழமாக இறங்கியது.

அந்தச் சேனலில் அப்போது பிரபலமாக இருந்த பில் ஓ'ரைலி தன் நிகழ்ச்சியில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிக் கண்டித்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அந்தப் பொருளில் பேசினார். கார்ட்டூன்காரர்கள் அடங்கவில்லை. அடுத்த வாரப் பகுதியிலும் ஹெலிகாப்டர் வந்தது. இந்த முறை, 75 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க ஏற்றதல்ல என்ற பொருளில் வாசகம். அந்தச் சேனலைப் பார்ப்பவர்கள் எல்லாம் தாத்தாக்கள் என்று கிண்டல்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். நவம்பர் 21 அன்று டிவியில் பார்த்தவர்கள் முதல் வாசகத்தைப் பார்த்தார்கள். பிறகு அதே பகுதியை பாக்ஸின் இணையத் தளத்திலும் ஹுலு என்ற வீடியோ தளத்திலும் பார்த்தவர்களுக்கு அந்த ஹெலிகாப்டர் கேலி கிடைக்கவில்லை. இணையப் பிரதியில் அது இல்லை. படம் ஒன்றுதான், தலைப்பு ஒன்றுதான். ஆனால் டிவியில் பார்த்தவரும் இணையத்தில் பார்த்தவரும் ஒன்றைப் பார்க்கவில்லை. இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் சண்டைதான் வரும். "ஹெலிகாப்டர் வந்துச்சு", "வரவே இல்லை." இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதில் இன்னொரு வேடிக்கை. கேலி செய்தவர்களும் கேலி செய்யப்பட்டவர்களும் சண்டை போட்டது ஒரே வீட்டுக்குள். முதலாளி ஒருவர்தானே! 2019ல் டிஸ்னி நிறுவனம் அந்தக் குடும்பத்தின் பெரும்பகுதியை வாங்கியபோது சிம்ப்சன்ஸ் டிஸ்னி பக்கம் போனது. பாக்ஸ் நியூஸ் முர்டாக் பக்கமே நின்றது. ஆனாலும் புதிய பகுதிகள் பாக்ஸ் சேனலில்தான் தொடர்ந்து வந்தன.

ஒரு வரியை மட்டும் மாற்றுவது எப்படி?

செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டிய காலத்தில் ஒரு காட்சியை மாற்றுவது பெரிய வேலை. சிம்ப்சன்ஸ் 2002லிருந்து கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டும் முறைக்கு மாறியது. கம்ப்யூட்டர் படத்தில் வானம் ஓர் அடுக்கு, ஹெலிகாப்டர் ஓர் அடுக்கு, அதன் மேல் எழுத்து ஓர் அடுக்கு என்று தனித்தனியாக வைக்க முடியும். இதற்கு லேயர் என்று பெயர். எழுத்து அடுக்கை மட்டும் மாற்றினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்களிடம் விண்டோஸ் 11 இருந்தால் அதனுடன் வரும் பெயிண்ட் புரோகிராமைத் திறந்திடுங்கள். (லேயர் வசதி 2023ல்தான் பெயிண்ட்டில் வந்தது. பழைய விண்டோஸில் இருக்காது.) மேலே உள்ள பட்டையில் லேயர்ஸ் என்ற பட்டனைக் க்ளிக் செய்திடுங்கள். வலதுபுறம் ஒரு சிறு கட்டம் திறக்கும். முதல் லேயரில் ஒரு ஹெலிகாப்டர் வரையுங்கள். மினி பஸ் வரைந்தாலும் சரிதான். கூட்டல் குறியைக் க்ளிக் செய்தால் புதிய லேயர் கிடைக்கும். அதில் டெக்ஸ்ட் கருவியால் உங்களுக்குப் பிடித்த வாசகத்தை எழுதுங்கள். இப்போது அந்த லேயரின் மேல் உள்ள கண் படத்தை ஒரு முறை க்ளிக் செய்யுங்கள். வாசகம் மறையும், பஸ் இருக்கும். மீண்டும் க்ளிக் செய்தால் வாசகம் வந்துவிடும்.

வாசகத்தை மறைத்துவிட்டு ஒரு பிரதி, காட்டியபடி ஒரு பிரதி என்று ஒரே படத்தை இரண்டு பெயரில் பி.என்.ஜி. பைலாக சேவ் செய்திடுங்கள். பி.என்.ஜி.யாக சேவ் செய்யும்போது அடுக்குகள் ஒன்றாக ஒட்டிவிடும். வாசகம் இல்லாத பைலை மட்டும் நண்பருக்கு அனுப்புங்கள். அதில் ஒரு வாசகம் இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் அவருக்குக் கிடைக்காது. இணையப் பிரதியைப் பார்த்தவர் நிலையும் இதுதான்.

ஆறே நாளில் ஒரு கார்ட்டூன்

சிம்ப்சன்ஸ் ஒரு பகுதி தயாராகப் பல மாதங்கள் ஆகும். "சவுத் பார்க்" என்று இன்னொரு கேலிக் கார்ட்டூன் இருக்கிறது. இதை வெகு சீக்கிரத்தில் முடிப்பார்கள். ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் என்ற இருவர் 1997ல் காமெடி சென்ட்ரல் சேனலில் தொடங்கினார்கள். முதல் பகுதியைக் காகிதத்தை வெட்டி ஒட்டி, நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தார்கள். பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். ஆனால் இன்றும் காகிதம் வெட்டியது போலவே தோற்றம் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பின் ஒரு பகுதியை ஆறு நாட்களில் முடிக்கும் பழக்கம் வந்தது. இதைப் பற்றி 2011ல் ஓர் ஆவணப்படமே வந்திருக்கிறது. 2013 அக்டோபரில் ஸ்டூடியோவில் கரண்ட் போய், கம்ப்யூட்டர்கள் நின்று, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கெடு தவறினார்கள். அன்று பழைய பகுதி ஒன்றை ஓட்ட வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் வாங்கும்போது யு.பி.எஸ். எதற்கு, வீண் செலவு என்று பேரம் பேசுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

இவ்வளவு வேகம் இருப்பதால் நேற்றைய செய்தி இன்றைய கார்ட்டூனில் வந்துவிடுகிறது. சிபிஎஸ் என்ற டிவி நிறுவனம் 2024 தேர்தலின்போது ஒளிபரப்பிய ஒரு பேட்டியை வெட்டி ஒட்டி மாற்றிவிட்டது என்று டொனால்ட் ட்ரம்ப் வழக்குப் போட்டிருந்தார். சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுன்ட், 2025 ஜூலைத் தொடக்கத்தில் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அப்போது பாரமவுன்ட் வேறொரு நிறுவனத்தோடு இணைய அரசின் அனுமதிக்காகக் காத்திருந்தது. சில நாட்களில், ட்ரம்ப்பைக் கிண்டல் செய்துவந்த ஸ்டீபன் கோல்பெர் இரவு நிகழ்ச்சியை 2026 மே மாதத்துடன் நிறுத்தப் போவதாக சிபிஎஸ் அறிவித்தது. பணக் காரணம் மட்டும்தான் என்றது. பலர் நம்பவில்லை.

ஜூலை 23 அன்று சவுத் பார்க் புதிய சீசனின் முதல் பகுதி வந்தது. காமெடி சென்ட்ரலும் பாரமவுன்ட்டுக்குச் சொந்தம்தான். அதிலும், சவுத் பார்க் குழுவுடன் பாரமவுன்ட் ஒன்றரை பில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. கையெழுத்தின் மை காய்வதற்குள் அந்தப் பகுதியில் சிபிஎஸ் செய்தியாளர்கள் ஒவ்வொரு சொல்லையும் நடுங்கி நடுங்கிப் பேசுவதாகக் காட்டினார்கள். வழக்குப் பணத்தையும் கோல்பெர் விஷயத்தையும் வெளிப்படையாகவே கிண்டல் செய்தார்கள். ட்ரம்ப்பையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளை மாளிகை கோபமாக அறிக்கை விட்டது, அந்தத் தொடருக்கு 20 ஆண்டுகளாக மதிப்பே இல்லை என்றது. மறுநாள், ஜூலை 24 அன்று, பாரமவுன்ட் இணைப்புக்கு அனுமதி கிடைத்தது.

விழாக் கமிட்டியை ஓட்டும் பபூனை எனக்கு இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஒன்றரை பில்லியன் டாலர் பபூனை மேடையிலிருந்து இறக்குவது கமிட்டிக்குக் கஷ்டம். ஜீ தமிழ் மேடையில் நின்ற இரண்டு குழந்தைகளுக்கு அந்தப் பலம் ஏது?

அந்தப் பகுதியின் முடிவில் ட்ரம்ப் போலவே தோன்றும், கம்ப்யூட்டரால் உருவாக்கிய போலி வீடியோ ஒன்றும் வந்தது. முழுப் பகுதியையும் பார்ப்பவருக்கு அது கேலி என்று தெரியும். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெரியுமா? உங்களுக்கு வரும் துண்டு வீடியோவை அடுத்தவருக்குத் தட்டிவிடும் முன், அது எந்த நிகழ்ச்சியிலிருந்து வந்தது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

தளமே திறக்காவிட்டால்?

இதுவரை பார்த்தது உரிமையாளரே எடுப்பது அல்லது வெட்டுவது. இன்னொரு வகை, தளமே திறக்காமல் போவது. இது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. விகடன் பிளஸ் என்ற இணைய இதழில் 2025 பிப்ரவரி 10 அன்று ஒரு கார்ட்டூன் வந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்குடன் திருப்பி அனுப்பப்பட்ட சமயம். ட்ரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். இது அசையும் கார்ட்டூன் அல்ல, ஒரே ஒரு படம். பா.ஜ.க. தரப்பு புகார் செய்தது. பிப்ரவரி 15 மாலையிலிருந்து விகடன் இணையத்தளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக, அந்தத் தளத்தில் இருந்த சமையல் குறிப்பு முதல் ராசிபலன் வரை எல்லாமே சேர்ந்து மூடிக்கொண்டன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு நடவடிக்கை எடுத்திருந்தது. விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கார்ட்டூன் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தின் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

இந்த முடக்கம் எப்படி நடக்கிறது? நீங்கள் தளத்தின் பெயரை டைப் செய்கிறீர்கள். கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் புரியாது, எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஒரு பெரிய விலாசப் புத்தகம் இன்டர்நெட்டில் இருக்கிறது. டி.என்.எஸ். என்பார்கள். அரசு உத்தரவு வந்தால், உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனம் அந்தப் பெயருக்கு எண்ணைச் சொல்லாமல் விடலாம், தவறான எண்ணைச் சொல்லலாம், அல்லது அந்தத் தளத்தோடு பேச்சு தொடங்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிடலாம். தளம் தன் இடத்தில் நலமாகவே இருக்கும். வழிதான் அடைபட்டிருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அடைப்பதால், உங்கள் வீட்டில் திறக்காத தளம் எதிர்வீட்டில் வேறு கம்பெனி இணைப்பில் திறப்பதும் உண்டு.

திரையில் வரும் செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 404 என்று வந்தால், தளம் இருக்கிறது, நீங்கள் கேட்ட பக்கம் அங்கே இல்லை. எடுத்துவிட்டிருக்கலாம், அல்லது முகவரியை நீங்கள் தவறாக டைப் செய்திருக்கலாம். இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வந்தால், உரிமையாளர் உங்கள் நாட்டுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் பையனுக்கு ஓடும், அன்னவாசலில் ஓடாது. தளத்தை அடைய முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்ற வகைச் செய்தி வந்தால் மூன்றில் ஒன்று: உங்கள் இணைப்பு சரியில்லை, அந்தத் தளத்தின் சர்வர் படுத்திருக்கிறது, அல்லது வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். வேறு நாலு தளங்களைத் திறந்து பாருங்கள். எல்லாம் திறந்தால் உங்கள் இணைப்பில் குறை இல்லை. பிறகு வீட்டில் இருக்கும் மொபைலில் வை-பையை அணைத்துவிட்டு, அதன் சொந்த டேட்டாவில் அதே முகவரியைத் திறக்கவும். முடிந்தால் வேறு கம்பெனி சிம் உள்ள போனில் முயற்சி செய்யவும். ஒன்றில் திறந்து மற்றதில் திறக்காவிட்டால் அடைப்பு வழியில் இருக்கிறது. எதிலுமே திறக்கவில்லை என்றால் அந்தத் தளத்திலேயே ஏதோ நடந்திருக்கலாம், அல்லது எல்லா நிறுவனங்களும் வழியை அடைத்திருக்கலாம், மறுநாள் செய்தித்தாளைப் பாருங்கள். இந்த மூன்றிலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலையே இல்லை. எந்தத் தளமுமே திறக்காதபோதுதான் உங்கள் மோடத்தையோ கம்ப்யூட்டரையோ சந்தேகப்பட வேண்டும்.

அடைத்த தளத்தையும் திறந்து தருகிறேன் என்று சொல்லும் இலவச புரோகிராம்களை எங்கிருந்தோ டவுண்லோட் செய்யாதீர்கள். நீங்கள் பார்ப்பது எல்லாம் அந்தப் புரோகிராம்காரர் வழியாகப் போகும். பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் அது வேண்டாத வினை.

பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன்னால், கடைக்காரர் எவ்வளவு நல்லவரானாலும், பிக்சர்ஸ், டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றில் உள்ளவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்து வீட்டில் வைத்துவிடுங்கள். பார்மட் செய்யலாமா என்று கடைக்காரர் கேட்டால், அதன் பொருள் "சி டிரைவில் உள்ளது எல்லாம் போகும், பரவாயில்லையா" என்பது. சித்தப்பாவிடமும் கேட்டிருக்கிறார்கள். "செய்யுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஏதோ சர்வீஸின் பெயர் என்று நினைத்துக்கொண்டாராம்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அன்னவாசல் போனேன். அழிந்த பைலை மீட்கும் புரோகிராம்களை ஓட்டிப் பார்த்தேன். புது விண்டோஸ் ஏற்கெனவே அதே இடத்தில் எழுதிவிட்டதால் பாதி முகம், பாதிச் சேலை என்று ஏழெட்டுப் படங்கள் மட்டும் தேறின. சித்தி அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் சித்தப்பா தன் போனை நீட்டி, இடம் இல்லை என்று சொல்கிறது, எதையாவது அழித்துக் கொடு என்றார். வாட்ஸ்அப் வீடியோ போல்டரைத் திறந்தேன். சிங்கப்பூர் பெரியவன் அனுப்பிய புலிகேசி வீடியோ அதில் மூன்று பிரதி இருந்தது.